காணி உறுதி கேட்காத தேசிமரம்

நோட்டன் பிரிட்ஜில் தண்ணீருக்குக் குறைவில்லை. கெஹெல்கமு ஓயாவை மறித்து 1950இல் கட்டப்பட்ட நோட்டன் அணை இங்கேதான் இருக்கிறது. காசல்றீ நீர்த்தேக்கத்தின் தண்ணீரைக் கொண்டு இயங்கும் விமலசுரேந்திர மின்நிலையமும் 1965 முதல் இங்கேதான் இயங்கி வருகிறது. மே மாதத்தில் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை கொடியில் போட்ட துணி காயாது. நாட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் இந்த ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழும் பெண்கள் பெரும்பாலானவர்களுக்கு, ஒரு மரத்தை நட்டு “இது என்னுடையது” என்று சொல்வதற்குச் சொந்த நிலம் இல்லை.

போரினால் இடம்பெயர்ந்து, மீண்டும் மலையகத்துக்கே திரும்பி வந்த பெண்களோடு சில ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். இவர்களுடைய கதை பலருக்கும் தெரியாது. 1977இலும் 1983இலும் தோட்டங்களில் நடந்த வன்செயல்களுக்குப் பயந்து ஏராளமான மலையகக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களுக்குப் போய்க் குடியேறின. காடு வெட்டினார்கள். பிறர் வயலில் கூலி வேலை செய்தார்கள். கொட்டில் போட்டு, கிணறு வெட்டி, முற்றத்தில் மரம் வைத்தார்கள். பின்னர் போர் அங்கேயும் வந்தது. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைபட்டு, வெளியே வந்தபோது சிலருக்கு மீள்குடியேறக் காணி இருக்கவில்லை. சிலருக்குக் காணி இருந்தும் துணைக்கு ஆளில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் அண்ணன் வீடு, சித்தி வீடு என்று லயத்துக்கே திரும்பினார்கள். அங்கே போனபோது தோட்டத்து ஆட்கள் என்றார்கள். இங்கே வந்தபோது வன்னி ஆட்கள் என்கிறார்கள்.

இந்தப் பெண்கள் விட்டுவந்ததைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது மனிதர்களை விட மரங்களே முதலில் வரும். கிணற்றடித் தேசி, வேலியோர முருங்கை, படலையடி மாமரம். மனிதர்களைப் பற்றிப் பேச மாதக்கணக்கில் ஆகும். கிளிநொச்சியிலிருந்து வந்த ஓர் அக்கா, தன் முற்றத்துத் தேசிமரம் இப்போது காய்க்கிறதோ இல்லையோ என்று பல தடவை என்னிடம் கேட்டிருக்கிறார். கணவரைப் பற்றி ஒரு தடவைதான் சொன்னார்.

சாடியில் எலுமிச்சை வளர்ப்பதைப் பற்றி எழுத நினைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். மலையகத்தில் எலுமிச்சை என்பதும் வடக்கில் தேசி என்பதும் ஒன்றே. வாழ்வாதார உதவி என்ற பெயரில் தென்னங்கன்றும் மாங்கன்றும் பகிர்ந்தளிக்கும் இடங்களில், வாங்குகிறவரிடம் அதை எங்கே வைப்பீர்கள் என்று கேட்பது அபூர்வம். லயத்தில் இருப்பவருக்கு ஒரு காம்பராவும் முன்னால் இஸ்தோப்பும் மட்டுமே உண்டு. கீரைப்பாத்தி போட்டால் பெரும்பாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நின்று வளரும் மரம் வைத்தால் நிலம் யாருடையது என்ற கேள்வி வரும். வாடகை வீட்டிலும் உறவினர் வளவிலும் தற்காலிகக் கொட்டிலிலும் இருக்கும் வடக்கு, கிழக்குச் சகோதரிகளுக்கும் இதே நிலைமைதான். சாடியில் நிற்கும் மரத்துக்கு உறுதி தேவையில்லை. மண்சரிவு எச்சரிக்கை வந்து பாடசாலைக்குப் போகச் சொன்னாலும், நிலைமை சீரானதும் திரும்பி வந்து சாடியை வேறிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம்.

சாடியே மரத்தைச் சிறிதாக்கும்

குள்ள மரம் என்றால் ஏதோ வெளிநாட்டு விதை என்று பலர் நினைக்கிறார்கள். கும்குவாட், கலமண்டின் போன்றவை இயல்பிலேயே சின்னவை. மூவிலை நாரத்தை என்ற அடிக்கன்றில் ஒட்டினாலும் மரம் குள்ளமாகும். இவை எதுவும் கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. வேர் பரவ இடமில்லாதபோது எந்த எலுமிச்சையும் தன் உயரத்தைக் குறைத்துக்கொள்ளும். கவாத்தும் சேர்ந்தால் நெஞ்சளவு உயரத்தில் ஒரு மரத்தைப் பல வருடங்கள் வைத்திருக்கலாம். தேயிலையும் விட்டால் மரமாக வளரும் செடிதான். அதை இடுப்பளவில் வைத்திருப்பது கத்தி என்பது கொழுந்து எடுக்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

இந்த முறை புதிதும் அல்ல. பிரான்ஸில் வெர்சாய் அரண்மனையில் 1680களில் தோடை மரங்களுக்கென்றே ஒரு பெரிய மண்டபம் கட்டினார்கள். பனிக்காலத்தில் பெட்டிகளில் நிற்கும் மரங்களை உள்ளே கொண்டுபோய், வெயில் வந்ததும் வெளியே எடுப்பார்கள். இன்றும் அப்படியே செய்கிறார்கள். வியட்நாமில் புத்தாண்டுக்கு வீட்டு வாசலில் காய் நிறைந்த கும்குவாட் சாடி வைப்பது வழக்கம். ஹனோய் நகரத்தின் து லியென் பகுதியில் பல குடும்பங்களுக்கு இந்தச் சாடிச் செடிகளே தொழில்.

எந்தக் கன்று?

முதற் கன்றுக்குப் புளி எலுமிச்சையே நல்லது. எல்லா வீட்டுக்கும் தேவை, சிறிய காய், அடிக்கடி பூக்கும். பிபிலைத் தோடை போன்ற இனிப்புத் தோடைக்கு நல்ல வெயில் வேண்டும். நோட்டன் பிரிட்ஜ் மழையில் அது சிரமம். வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருப்பவர்கள் பெரிய சாடியில் முயன்று பார்க்கலாம்.

விதையில் முளைத்த கன்று காய்க்க ஐந்து, ஆறு வருடங்கள் ஆகலாம். ஒட்டுக்கன்று இரண்டு, மூன்று வருடங்களில் காய்க்கும். விவசாயத் திணைக்களத்தின் நாற்றுமேடைகளில் விசாரியுங்கள். கமநல சேவை நிலையத்தில் கேட்டால் அருகில் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும். அதற்குக் கீழே கிளம்பும் தளிர்களை உடனே கிள்ளிவிடுங்கள். அவை அடிக்கன்றின் தளிர்கள். விட்டால் ஒட்டை அமுக்கிவிடும்.

காசில்லாத வழி பதியம் போடுவது. நோயில்லாத, நன்றாகக் காய்க்கும் மரத்தில் பென்சில் தடிப்பான கிளையைத் தெரிவு செய்யுங்கள். ஓர் அங்குல நீளத்துக்குப் பட்டையை வட்டமாக உரித்து, அதன் கீழுள்ள வழுவழுப்பைச் சுரண்டுங்கள். ஈரமான தும்புத்தூளை அந்த இடத்தில் பொத்தி, பொலித்தீனால் சுற்றி, இரு பக்கமும் இறுகக் கட்டுங்கள். இரண்டு மாதமளவில் பொலித்தீனுக்குள் வேர் தெரியும். அதன்பின் வெட்டிச் சாடியில் நடலாம். தாய் மரத்துக்கு நோய் இருந்தால் பிள்ளைக்கும் வரும் என்பதால் தாயை நன்றாகப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும்.

சாடி, மண், இடம்

கடையில் விற்கும் பூச்சாடி வேண்டியதில்லை. பெயின்ற் வாளி, உடைந்த பீப்பாயின் பாதி, உரப்பை எல்லாம் உதவும். முதல் வருடத்துக்குப் பத்து, பன்னிரண்டு அங்குல அகலம் போதும். பின்னர் பதினெட்டு அங்குலத்துக்கு மாற்றுங்கள். சின்னக் கன்றை முதலிலேயே பெரிய பீப்பாயில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கிப் புளித்துவிடும். அடியில் ஐந்தாறு துளைகள் இருக்க வேண்டும். துளையை ஓட்டுத் துண்டாலோ தும்பாலோ மூடி, சாடியை இரண்டு செங்கல்லின் மேல் வையுங்கள்.

மேல்மண் ஒரு பங்கு, மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. தேயிலை மலை மண் புளிப்புத் தன்மை கூடியது. எலுமிச்சைக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. கவாத்துக்குப் பிறகு தேயிலைக்குப் போடும் டொலமைட்டில் ஒரு கைப்பிடி சாடி மண்ணில் கலந்தால் சரியாகும். யாழ்ப்பாணத்துச் சகோதரிகளுக்கு இது நேர்மாறு. அங்கே நிலமும் கிணற்றுத் தண்ணீரும் சுண்ணாம்பு நிறைந்தவை. டொலமைட் பக்கம் போக வேண்டாம். கூட்டெருவைக் கூட்டிப் போட்டு, முடிந்தால் மழைத் தண்ணீரைச் சேர்த்து ஊற்றுங்கள்.

ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் வெயில் வேண்டும். நோட்டன் பிரிட்ஜில் பல நாட்களுக்கு அது கிடைக்காது. எனவே லயத்தின் எந்தப் பக்கம் காலை வெயில் முதலில் விழுகிறது என்று பார்த்து அங்கே வையுங்கள்.

தண்ணீர்

சாடி மரம் சாவது பெரும்பாலும் தண்ணீரால்தான். மலையகத்தில் கூடிச் சாகும். வன்னியில் குறைந்து சாகும்.

மலையகத்தில் அடைமழைக் காலத்தில் சாடியைக் கூரைத் தாழ்வாரத்தின் கீழ் நகர்த்துங்கள். பீலியிலிருந்து கொட்டும் தண்ணீர் நேரே விழக்கூடாது. அடிமரத்தில் பட்டை கறுத்துப் பிசின் வடிந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே சாடியைச் சரித்துத் துளைகளைப் பாருங்கள். அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்து வைப்பதும் இந்த நோயை வரவழைக்கும்.

வன்னியில் ஆடி, ஆவணிக் காற்றில் சாடி ஒரே நாளில் காய்ந்துவிடும். மேலே தென்னந்தும்போ வைக்கோலோ பரப்புங்கள். கறுத்த வாளியானால் வெளியே ஒரு சாக்கைச் சுற்றுங்கள். வெயில் பட்ட வாளிக்குள் வேர் வெந்துபோகும்.

எங்கே இருந்தாலும் விதி ஒன்றே. சுட்டுவிரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் வேண்டாம். இல்லாவிட்டால் அடித்துளையால் வடியும் வரை ஊற்றுங்கள். ஒவ்வொரு நாளும் அரைக் கோப்பை ஊற்றுவது மரத்துக்கு உதவாது.

இலையைப் பார்த்தால் பசி தெரியும்

சாடி மரத்துக்கு வேறு எங்கும் போய்த் தேட வழியில்லை. நாம் கொடுப்பதுதான் சாப்பாடு. மாதம் ஒரு தடவை இரண்டு கைப்பிடி மக்கிய எரு, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நன்றாக நீர் கலந்த சாணக் கரைசல். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோதும், அதன் பின்னர் உர விலை ஏறியபோதும் நம் பெண்கள் கூட்டெருவிலேயே தோட்டம் செய்தார்கள். ஓரிரு சாடிகளுக்கு அது தாராளமாகப் போதும்.

பழைய இலைகள் முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துப் போதாது. பழைய இலையில் காம்புப் பக்கம் மட்டும் பச்சை நின்று ஓரம் மஞ்சளானால் மக்னீசியம் போதாது. டொலமைட்டில் அது இருக்கிறது. புது இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றும் இடங்களில் இது அதிகம்.

புழுவும் நோயும்

தளிரில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் தொட்டுப் பாருங்கள். அநேகமாக அது வண்ணத்துப்பூச்சியின் புழு. நாலைந்து புழுக்கள் ஒரு சின்னக் கன்றின் இலையை இரண்டு நாளில் முடித்துவிடும். கையால் எடுத்துப் போடுங்கள். எறும்பு வரிசையாக ஏறினால் மேலே செதிற்பூச்சியோ மாப்பூச்சியோ இருக்கும். சவர்க்காரத் தண்ணீரைத் துணியில் தோய்த்துத் துடையுங்கள். இலையிலும் காயிலும் சொரசொரப்பான பழுப்புப் புள்ளி வந்தால் அது சொறிநோய். மழையோடு பரவும். அந்த இலைகளை வெட்டி எரியுங்கள். ஈரமாக இருக்கும்போது மரத்தைத் தொடவேண்டாம்.

கறிவேப்பிலை எலுமிச்சையின் சொந்தக்காரி. எலுமிச்சைக்குப் பச்சையாதல் என்னும் கொடிய நோயைப் பரப்பும் சிறு தத்துப்பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். இரண்டு சாடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பூக்க வைப்பது

முதல் வருடம் வரும் பூக்களைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான். ஆனாலும் மரம் முதலில் கை கால் ஊன்ற வேண்டும்.

எலுமிச்சை ஒரு சிறு வறட்சிக்குப் பிறகு மழை கிடைத்ததும் பூக்கும். இதை அறிந்த இந்திய விவசாயிகள் தண்ணீரை நிறுத்தி, பிறகு பாய்ச்சி, தாங்கள் விரும்பிய காலத்தில் பூக்க வைக்கிறார்கள். அங்கே அதற்குப் பகார் முறை என்று பெயர். நிலத்து மரத்துக்கு மழையை நிறுத்த முடியாது. சாடியைக் கூரைக்குக் கீழ் தள்ளினால் நிறுத்தலாம். மூன்று வயதைத் தாண்டிய, வலுவான மரத்துக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். நண்பகலில் இலை இலேசாகச் சுருளும் வரை தண்ணீர் கொடுக்காமல் இருந்து, அதன்பின் எருவும் தண்ணீரும் கொடுத்தால் சில வாரங்களில் மொட்டு வரும். பூவிலிருந்து காய் முற்ற ஐந்து, ஆறு மாதம் எடுக்கும். சந்தையில் காய் இல்லாத காலத்தைக் கணக்குப் பார்த்து இதைத் தொடங்கலாம். இலை சுருளும் அறிகுறியைத் தாண்டினால் மரம் இலையைக் கொட்டிவிடும். ஆகவே நாட்காட்டியை விட்டு இலையைப் பாருங்கள்.

இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மரத்தைச் சாடியிலிருந்து எடுத்து, சுற்றியுள்ள வேரில் ஓரளவு வெட்டி, புது மண் போட்டு மீண்டும் வையுங்கள். அதே அளவுக்குக் கிளையையும் குறையுங்கள்.

எவ்வளவு காசு வரும்?

கூட்டங்களில் முதலில் வரும் கேள்வி இது. மறைக்காமல் சொல்கிறேன். ஒரு சாடி மரத்தின் காயை விற்று யாரும் குடும்பம் நடத்த முடியாது. நல்ல பராமரிப்பில் வருடத்துக்குச் சில டசின் காய்கள் கிடைக்கும். அண்மைய ஆண்டுகளில் சில காலங்களில் ஒரு கிலோ தேசிக்காய் ஆயிரம் ரூபாவைத் தாண்டியது உண்மை. காய்க்கும் பருவத்தில் அதே காயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதும் உண்மை. பிள்ளைக்குத் தடிமன் வந்தால் கடைக்கு ஓடவேண்டியதில்லை. மாரியம்மனுக்குக் கொண்டுபோகக் கனி வீட்டிலேயே இருக்கும். மிஞ்சினால் உப்பிட்டுப் போத்தலில் அடைத்து ஊறுகாய் போடலாம். வெயில் இல்லாத இந்த ஊரில் உப்பிட்ட துண்டுகளை அடுப்புக்கு மேல் தட்டில் வைத்துக் காயவைக்கிறார்கள்.

காசு வரும் வழி கன்றில் இருக்கிறது. வளர்ந்த மரம் ஒன்றில் மழைக்காலத்தில் நாலைந்து பதியம் போடலாம். வேர்விட்ட ஒரு கன்று பல கிலோ காயை விட நல்ல விலைக்குப் போகும். நான் சந்தித்த பெண்கள் சிலர் மூன்று, நான்கு பேர் சேர்ந்து பதியம் போடுகிறார்கள். ஒருவர் தும்புத்தூள் கொண்டுவருவார், ஒருவர் கிளை கட்டுவார், ஹட்டன் பக்கம் போகிறவர் விற்று வருவார். தனியாக அழுதுகொண்டிருந்தவர்கள் ஒரு வேலையின் பெயரில் ஒன்றாக உட்காருகிறார்கள். அந்த நேரத்தில் பேச்சும் வருகிறது. கிளிநொச்சி அக்கா கணவரைப் பற்றி இரண்டாம் தடவை பேசியது பதியம் கட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான். நான் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் நூலை எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

சாடி காணிக்குப் பதிலாகாது

இதை வாசிக்கும் அதிகாரி எவரும், நிலம் இல்லாத பெண்ணுக்குச் சாடி கொடுத்தால் போதும் என்று முடிவெடுத்துவிடக் கூடாது. மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு வந்து 200 வருடங்கள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். அதன் பின்னும் லயத்தில் இருக்கும் பெரும்பாலானோருக்கு உறுதி இல்லை. தனி வீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்பது நல்ல தொடக்கம். திரும்பி வந்த பெண், தோட்டத்தில் பெயர் பதியப்படாதவர், கணவர் காணாமற் போனவர் ஆகியோருடைய பெயர்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வன்னியில் அரச காணியில் அனுமதிப்பத்திரத்தோடு இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பெயர் குறிப்பிடாமல் ஒருவர் இறந்தால் வாரிசுரிமையில் ஆண்மக்களையே முன்னிறுத்தியது. 2022இல் அதைத் திருத்தி அந்தப் பாகுபாட்டை நீக்கினார்கள். உங்கள் தாய் தந்தையரின் காணி விடயமாகப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கும்போது இந்தத் திருத்தத்தைப் பற்றியும் கேளுங்கள்.

காணிக்கான விண்ணப்பம் மேசை மேசையாகப் போய்வர வருடங்கள் ஆகும். அதுவரை சாடியில் மரம் வளரட்டும். காணி கிடைக்கும் நாளில் அதைச் சாடியிலிருந்து எடுத்து, இரண்டடிக் குழி வெட்டி, வேரைச் சற்றுப் பிரித்து விட்டு நிலத்தில் வையுங்கள். ஐந்து வருடம் சாடியில் நின்ற மரமும் நிலத்தில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். புதிய முற்றத்தில் காய்க்கிற மரத்தோடு குடிபுகலாம்.